ஏரி கோடையில வத்தட்டும், போர் தண்ணி விட்டு ரொப்பாதீங்க

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல மரக்காணம் பக்கத்துல இருக்கிற ஒரு இயற்கை விடுதி பத்தி ரெண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தீங்க. தூர்ந்து கிடந்த ஏரியை சொந்தக் காசு போட்டு மீட்டெடுத்திருக்காங்கன்னு பாராட்டி இருந்தீங்க. அந்த இடம் எங்க ஊர்லேர்ந்து கூப்பிடு தூரம்தான், அதுக்குக் கீழண்ட மல்லாட்டையும், அதாவது நிலக்கடலையும், சவுக்கும் வைக்கிற ஆளு நான். அவங்களைப் பாராட்டினதுல எனக்கு எந்த வருத்தமும் இல்லைங்க. சீமைக்கருவேலம் அடைச்சுப்போய், ரோட்டோரக் குப்பையெல்லாம் கொட்டி, ப்ளாட் போடுறதுக்கு ஆளுங்க வந்து அளந்து பார்த்துட்டுப் போன இடம் அது. அதை வாங்கினவங்க மண்ணடிச்சு மேடாக்காம தண்ணி நிக்கிற இடமாவே வச்சிருக்காங்க, அதுக்கே அவங்களுக்கு நன்றி சொல்லணும்.

ஆனா நீங்க போட்டிருந்த போட்டோவைப் பார்த்ததும்தான் இந்தக் கடுதாசி எழுதணும்னு தோணுச்சு. மே மாசம் எடுத்ததுன்னு கீழ இருந்துச்சு. தண்ணி கரை முட்ட நிக்குது, ரெண்டு பேரு கயாக் ஓட்டிட்டுப் போறாங்க, சுத்தி பச்சைப்பசேல்னு புல்லு. "கடும் கோடையிலும் வற்றாத ஏரி"ன்னு தலைப்பு. அந்தத் தண்ணி மழைத் தண்ணி இல்லைங்க, ஆழ்துளைக் கிணத்து போர் தண்ணி. ராத்திரியில மோட்டார் ஓடுறது எங்க கொல்லை வரைக்கும் கேக்கும். நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான், நம்ம பக்கத்து ஏரி கோடையில வத்தணும், வத்துறது அதுக்கு வந்த நோய் இல்ல, அதோட பொழப்பே அப்படித்தான், வத்த விடாம பிடிச்சு வச்சிருக்கிறதை ஏரி மீட்புன்னு சொல்லாதீங்க.

முதல்ல அது எப்படிப்பட்ட ஏரின்னு சொல்றேன். கரை கட்டி மதகு வச்சு உண்டாக்கினது இல்ல அது, எங்க பக்கம் தாங்கல்னு சொல்லுவோம், மேட்டுல பேயுற மழை தானா ஓடியாந்து தேங்குற பள்ளம். நாலு ஏக்கர் வரும். எங்களுக்கு வருஷ மழையில பாதிக்கு மேல ஐப்பசி கார்த்திகையில, அதாவது அக்டோபர்லேர்ந்து டிசம்பருக்குள்ளயே பேஞ்சு முடிஞ்சுடும். செம்மண் மேட்டுலேர்ந்து வர்ற தண்ணி இந்த மாதிரி தாங்கல், ஏரி, குட்டைன்னு ஒண்ணொண்ணா ரொம்பி வழிஞ்சு கடைசியில கழுவெளிக்குப் போய்ச் சேரும். தமிழ்நாட்டுல பழவேற்காட்டுக்கு அடுத்தபடி பெரிய உவர்நீர் ஏரி அது. 2021 டிசம்பர்ல பறவைகள் சரணாலயம்னு அறிவிச்சாங்க, 5,151 ஹெக்டேர், அப்புறம் 2024 ஆகஸ்ட்ல ராம்சர் பட்டியல்லயும், அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்லயும், வந்துடுச்சு. அவ்வளவு பெரிய கழுவெளியே சித்திரை வைகாசியில பெரும்பகுதி காஞ்சு, வெடிச்ச மண்ணா, மாடு மேயுற வெளியா கிடக்கும். நேர்ல வந்து பார்த்தவங்களுக்குத் தெரியும். கழுவெளியே காயுறப்போ அதுக்கு மேல இருக்கிற நாலு ஏக்கர் தாங்கல் மட்டும் எப்படிங்க ரொம்பி நிக்கும்?

இதைச் சொன்னா வெளியூர்க்காரங்க, தண்ணி இல்லாட்டி பறவை சாவாதான்னு கேக்குறாங்க. நியாயமான கேள்விதான். ஆனா பறவைங்க இங்க வர்றதே தண்ணி குறையுறதுக்காகத்தான். மார்கழியில தாங்கல் ரொம்பி இருக்கிறப்போ நீந்துறதுங்க இருக்கும், முக்குளிப்பான், நாமக்கோழி, ஊசிவால் வாத்து, எப்பவாச்சும் கூழைக்கடா. தை மாசி வாக்குல தண்ணி முட்டி அளவுக்கு இறங்கும், மஞ்சமூக்கு நாரையும் நத்தைக்குத்தி நாரையும் அப்போதான் வரும், ஆழத்துல அதுங்களால நிக்க முடியாது. அப்புறம் கணுக்கால் அளவு, அதுக்கு நெடுங்கால் உள்ளான். கடைசியா வெறும் சேறு, அந்தச் சேத்துல புழு பொறுக்குறதுக்கு சின்னச் சின்ன உள்ளானுங்க, மத்திய ஆசியா, சைபீரியா பக்கத்துலேர்ந்தெல்லாம் பறந்து வந்ததுங்க, ஊருக்குத் திரும்பிப் போறதுக்கு முன்னாடி இங்கதான் உடம்பைத் தேத்திக்கும். கல்யாண வீட்டுல பந்தி பந்தியா உக்கார வச்சுப் பரிமாறுற மாதிரி, தண்ணி இறங்க இறங்க ஒவ்வொரு கூட்டத்துக்கும் எலை விழும். மே மாசம் வரைக்கும் தண்ணியை ஒரே மட்டத்துல நிறுத்தி வச்சா என்ன ஆகும், முதல் பந்தியோட சாப்பாடு நின்னுபோச்சு. அதனாலதான் அந்த விடுதி ஏரியில எப்பப் பார்த்தாலும் நீர்க்காக்காவும் ரெண்டு கொக்கும் மட்டும் இருக்கு, பக்கத்துல தண்ணி வத்துன சேத்துல நூத்துக்கணக்குல உள்ளான் ஓடுது. அவங்க இவ்வளவு செலவு பண்ணியும் பறவை வரலைன்னு எனக்கு நெஜமாவே வருத்தமா இருக்குங்க.

பறவை மட்டும் இல்ல, மண்ணுக்கும் அந்தக் காய்ச்சல் வேணும். வருஷம் பூரா தண்ணிக்கு அடியில கிடந்தா எலை தழையெல்லாம் மக்காம கறுப்புச் சேறா அழுகிக்கிட்டே இருக்கும், கிளறினா நாத்தம் வரும், பச்சைப் பாசி கட்டும். ஒரு கோடை காஞ்சு மண்ணு வெடிச்சா வெடிப்புக்குள்ள காத்து போகும், அழுகல் அடங்கும், ஓரத்துல கோரையும் அறுகும் தானா முளைக்கும். அதை மாடு ஆடு மேயும், மேஞ்சு சாணி போடும், மழை வந்து தண்ணி ஏறினதும் அந்தச் சாணியிலயும் மக்கின புல்லுலயும்தான் கண்ணுக்குத் தெரியாத பூச்சி புழுவெல்லாம் பெருகும், மீன் குஞ்சுக்கு முதல் தீனி அதுதான். நத்தை மூடியைச் சாத்திக்கிட்டு மண்ணுக்குள்ள கிடக்கும், விரால் ஈரச் சேத்துல பதுங்கிக் கிடந்து தண்ணி வந்ததும் கிளம்பும். இதுங்கெல்லாம் காய்ச்சலுக்குப் பழகின உசுருங்க. பழகாதது எது தெரியுங்களா, ஜிலேபிக் கெண்டை. வெளிநாட்டு மீனு, ஒரு தடவை உள்ள வந்துட்டா கெண்டை குறவையை எல்லாம் ஒழிச்சுக்கட்டும், ஆனா குளம் முழுசா காஞ்சா அது செத்துடும். வத்தாத ஏரியில அதுக்கு ராஜ வாழ்க்கை. ஆகாயத்தாமரைக்கும் அப்படியேதான். காஞ்ச குளத்துல ஆகாயத்தாமரையைக் கையால வாரி எடுத்து உரக்குழியில போட்டுடலாம், தண்ணி நிக்கிற குளத்துல மெஷின் வாடகைக்கு எடுத்தும் ஒழிக்க முடியல.

இப்ப அந்த போர் தண்ணிக் கணக்குக்கு வர்றேன். கோடையில நம்ம பக்கம் திறந்த தண்ணி ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டராவது ஆவியாப் போகும், அனல் காத்து அடிச்சா அதுக்கும் மேல. 5 மில்லிமீட்டர்னா கேக்க சின்னதா இருக்கும், ஒரு ஏக்கருக்கு கணக்குப் போட்டா 20,000 லிட்டர். நாலு ஏக்கருக்கு 80,000 லிட்டர், தினமும், 12,000 லிட்டர் பிடிக்கிற டேங்கர் லாரியில ஏழு லோடு. மூணு மாசத்துக்கு 72 லட்சம் லிட்டர் தண்ணியை பூமிக்கு அடியிலேர்ந்து எடுத்து வெயில்ல காயப்போடுறாங்க, மண்ணுல இறங்குறது தனி. எங்க பக்கம் கிழக்கால கடல், மரக்காணம் உப்பளம், நடுவுல உவர்நீர்க் கழுவெளி. நல்ல தண்ணியை உறிய உறிய உப்புத் தண்ணி உள்ள வரும், இது சின்னப் பசங்களுக்குக்கூட தெரியும். வானூர் வட்டாரத்துல நிலத்தடி நீர் இறங்கிட்டே வர்றதைப் பத்தியும் கடல் தண்ணி உள்ள வர்ற ஆபத்தைப் பத்தியும் ஆராய்ச்சி பண்றவங்க எத்தனையோ வருஷமா சொல்லிட்டு இருக்காங்க. இந்த நிலைமையில கயாக் ஓட்டுறதுக்காக போர் ஓட்டுறது எந்த விதத்துல இயற்கை விடுதிங்க?

அந்த ஏரியை அவங்க தோண்டின விதமும் சரியில்ல. யாரோ கான்ட்ராக்டர் ஜேசிபியை உள்ள இறக்கி சட்டி மாதிரி செங்குத்தா வெட்டிட்டாரு. தாங்கலுக்கு அடியில பல காலமா படிஞ்ச களிமண் ஒரு கட்டு இருக்கும், அதுதான் தண்ணியைத் தாங்கி நிறுத்துறது. அதைக் கிழிச்சு மணல் வரைக்கும் போயிட்டா எவ்வளவு மழை பேஞ்சாலும் நிக்காது. நிக்கலைன்னதும் ப்ளாஸ்டிக் ஷீட்டை விரிக்கச் சொல்லுவாங்க, பல இடத்துல அதுதான் நடக்குது, ஷீட்டு போட்டுட்டா அப்புறம் அது சிமெண்ட் தொட்டிக்குச் சமம், அடியில ஒரு நத்தை பதுங்க இடம் கிடையாது. ஓரமெல்லாம் கருங்கல் பதிச்சு நடைபாதை வேற. ஓரம்தாங்க ஏரிக்கு உசுரு. ஒரு அடி ஆழம் இறங்கறதுக்கு பத்து அடியாவது நடக்கிற மாதிரி சரிவு இருக்கணும், அந்தச் சரிவுலதான் கோரை முளைக்கும், தவளை முட்டை விடும், நெடுங்கால் உள்ளான் நிக்கும், தாழைக்கோழி கூடு வைக்கும். கல் பதிச்ச ஓரத்துல எதுவும் வராது, ராத்திரி விளக்கு போட்டா பூச்சி மட்டும் வரும்.

சரி, அப்போ எப்படித்தான் மீட்கணும்னு கேட்டா, ஏரிக்குள்ள கை வைக்கிறதுக்கு முன்னாடி மேல போய் பாக்கணும்னு சொல்லுவேன். தண்ணி எந்த மேட்டுலேர்ந்து வருது, வரத்து வாய்க்கால் எங்க அடைச்சிருக்கு, யாரு அதுமேல சுவர் வச்சிருக்காங்க, ரோட்டுக்கு அடியில குழாய் எவ்வளவு அகலம். புதுச்சேரி பக்கத்துல இருக்கிற ஆரோவில்ல 1968ல வந்தவங்க முதல்ல பார்த்தது மரம் மட்டை அதிகம் இல்லாத செம்மண் பொட்டல், மழை அரிச்சு அரிச்சு பெரிய பெரிய பள்ளமா கிழிஞ்சு கிடந்த நிலம். அவங்க வயலைச் சுத்தி வரப்பு போட்டு, ஓடையில சின்னச் சின்ன தடுப்பு கட்டி, ஓடுற தண்ணியை நடக்க வச்சு, அப்புறம் மரம் வச்சாங்க, இன்னிக்கு அங்க காடே இருக்கு, முதல்ல வெளிநாட்டு மரமும் வச்சாங்க, அப்புறம் நம்ம மண்ணோட மரங்களை வச்சு உண்டாக்கின காடு. அந்த மேட்டுத் தண்ணியில ஒரு பங்கு கழுவெளிக்குத்தான் வருது. மேட்டுல மண்ணு பிடிபட்டா கீழ ஏரி தூராது, தூராத ஏரியை எதுக்கு வருஷா வருஷம் வாரணும்? நம்ம ஆளுங்க தூர் வாருறதை மட்டுமே ஏரி வேலைன்னு நினைக்கிறாங்க, 2017ல ஊர்க்காரங்களே சேர்ந்து ஏரி குளத்தைப் பராமரிக்கிற குடிமராமத்து திரும்ப ஆரம்பிச்சப்போவும் பல ஊர்ல கரையும் பள்ளமும் ஆச்சு, வாய்க்கால் அப்படியே கிடந்துச்சு.

ஏரிக்குள்ள செய்யணும்னா கோடையில காஞ்ச பிறகு, மேல படிஞ்ச வண்டலை மட்டும் எடுக்கணும், களிமண் தெரிஞ்சதும் நிறுத்திடணும். அந்த வண்டல் எங்களுக்கு வேணும், மல்லாட்டைக் கொல்லைக்கு அதைவிட நல்ல எரு இல்ல. அரசு ஏரியில வண்டல் எடுக்க 2024லேர்ந்து வட்டாட்சியரே அனுமதி கொடுக்கலாம்னு ஆக்கினதுக்கு அப்புறம் அலைச்சல் குறைஞ்சிருக்கு, இந்த மாதிரி தனியார் இடத்துலயும் ஊர்க்காரங்களைக் கூப்பிட்டு எடுத்துக்கோங்கன்னு சொன்னா தூர் வாருற செலவுல பாதி மிச்சம். ஒரு மூலையில மட்டும் கொஞ்சம் ஆழமா ஒரு குழி விடலாம், மாடு கன்னுக்கும் மீனுக்கும் கடைசி வரைக்கும் அதுல கொஞ்சம் தண்ணி இருக்கும், அதுக்கு போர் தேவைப்படாது. சீமைக்கருவேலத்தை வேரோட எடுக்கட்டும், ஆனா ஒரே நாள்ல மொத்தமா மொட்டை அடிக்க வேணாம், அதுல கொக்கு கூடு வச்சிருந்தா குஞ்சு பறக்கிற வரைக்கும் பொறுத்து, பக்கத்துல கருவேலமும் நீர்மருதும் நாவலும் வச்சு வளர்த்துக்கிட்டே ஒவ்வொரு பக்கமா எடுக்கணும். புல்தரைக்கு உரம் போடுறதை நிறுத்தணும், அந்த யூரியா அப்படியே தண்ணிக்குத்தான் போகுது. சமையக்கட்டு, குளிக்கிற ரூம் தண்ணியை கல்வாழையும் நாணலும் வச்ச படுகை வழியா விட்டு, தென்னைக்குப் பாய்ச்சணும், ஏரிக்கு விடக்கூடாது. இதெல்லாம் பெரிய டெக்னாலஜி இல்லைங்க.

இலங்கையில வறண்ட பக்கத்துக் கிராமங்கள்ல குளத்துக்கு மேல்பக்கம் ஒரு மர வரிசையும், அதுக்கு அடுத்து தண்ணியை வடிகட்டுற புல்வெளியும் விட்டுத்தான் வச்சிருக்காங்க, ஒரு குளம் வழிஞ்சு அடுத்த குளத்துக்குப் போற அந்த முறையை ஐநாவோட உணவு விவசாய அமைப்பு 2017ல உலக விவசாயப் பாரம்பரியம்னு ஏத்துக்கிட்டாங்க. விடுதிக்காரங்க இதை அவசியம் பாக்கணும், ஏன்னா அங்கயே அவங்க கேக்குற கேள்விக்கும் பதில் இருக்கு. அவங்க கேக்குறது இதுதான், தண்ணி இல்லாட்டி கெஸ்ட் வருவாங்களா, காசு திரும்பக் கேக்க மாட்டாங்களா. மின்னேரியா குளம்னு ஒண்ணு, மகாசேன ராஜா 3ஆம் நூற்றாண்டுல கட்டினது. அங்க சுற்றுலா கூட்டம் அலைமோதுறது ஆகஸ்ட், செப்டம்பர்லதான், ஏன்னா அப்போதான் குளம் வத்தி, வத்தின தரையில பசும்புல் முளைச்சு, அந்தப் புல்லுக்கு நூத்துக்கணக்கான யானைங்க ஒண்ணா கூடும். உலகம் பூரா இருந்து காசு கொடுத்து வந்து பாக்குறது வத்தின குளத்தைத்தாங்க! மேல மொரகஹகந்த அணை வந்த பிறகு கோடையிலயும் தண்ணியை விட்டு குளத்தை உசத்தி வச்சதால புல்லு முழுகி யானைக்குத் தீனி இல்லாம போச்சுன்னு அங்க பெரிய வருத்தம். அங்கயும் தண்ணி கூடினதுதான் பிரச்சனை.

கம்போடியாவுல தோன்லே சாப் ஏரியையும் பாருங்க, மழைக்காலத்துல அஞ்சு மடங்கு வரைக்கும் விரியும், கோடையில சுருங்கும், அந்த விரிவு சுருக்கத்துலதான் அத்தனை மீன் கிடைக்குது, லட்சக்கணக்கான பேர் சாப்பாடே அதை நம்பித்தான். வெப்ப நாடுகள்ல ஏரின்னா இப்படித்தான், குளிர் நாட்டு போட்டோவுல பாக்குற மாதிரி வருஷம் பூரா நீலமா நிக்கிற ஏரியை இங்க எதிர்பாத்தா அதுக்கு மோட்டார்தான் வேணும்.

அதனால விடுதிக்காரங்க தைரியமா சொல்லலாமே, மார்கழியில வந்தா படகு, மாசி பங்குனியில வந்தா சேத்து ஓரத்துல பறவை, சித்திரையில வந்தா ஏரிக்குள்ளயே நடந்து போயி நடுவுல உக்காந்து நட்சத்திரம் பாக்கலாம்னு. காஞ்ச தாங்கல்ல சாயங்காலம் அடிக்கிற கடக்காத்து எவ்வளவு சுகம்னு எங்க ஊர்ப் பசங்களைக் கேளுங்க, கிரிக்கெட்டே அங்கதான் ஆடுவானுங்க. ஆடுவானுங்கன்னு சொல்றேன், இப்ப வேலி போட்டாச்சு. பட்டா நிலம், வேலி போட அவங்களுக்கு உரிமை இருக்கு, அதை நான் மறுக்கல. ஆனா வரத்து வாய்க்காலும் வழியுற ஓடையும் புறம்போக்கு, அது ஊருக்குப் பொது. தண்ணி அதிகமா நிக்கணும்னு வழியுற எடத்துல மூட்டை அடுக்கி உசத்திட்டாங்க, அதனால கீழ இருக்கிற ஏரிக்கு வர்ற தண்ணி தள்ளிப்போகுது, முன்னெல்லாம் கார்த்திகை பொறந்ததும் எங்களுக்கு வழியும், இப்ப மழை நல்லா பேஞ்சாத்தான் வழியுது. இதைப் பேசப் போனா முதலாளி ஊர்ல இல்லைன்னு சொல்றாங்க, மேனேஜர் நல்ல பையன், ஆனா அவருக்கு அதிகாரம் இல்ல.

ஆசிரியர் ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள். உங்க பத்திரிகையை எங்க பக்கத்துல டீக்கடை டீக்கடையா படிக்கிறாங்க, நீங்க பாராட்டினதைப் பார்த்துட்டு இன்னும் நாலு விடுதிக்காரங்க இதே மாதிரி வெட்டி, இதே மாதிரி போர் போடுவாங்க. அடுத்த தடவை ஏரி மீட்புன்னு யாராவது சொன்னா உங்க நிருபரை மே மாசம் ஒரு தடவையும் டிசம்பர்ல ஒரு தடவையும் அனுப்பி ரெண்டு போட்டோவையும் பக்கத்துல பக்கத்துல போடுங்க. தண்ணி எங்கேர்ந்து வருது, வழிஞ்சா எங்க போகுதுன்னு கேக்கச் சொல்லுங்க. வனத்துறை வருஷா வருஷம் பறவை கணக்கெடுக்கிறப்போ கழுவெளியோட நிறுத்திடாம மேல இருக்கிற தாங்கல், ஏரிங்களையும் சேத்துப் பாக்கணும்னு நீங்க எழுதினா கேப்பாங்க, நாங்க எழுதினா ஃபைல்ல போயிடுது.

விடுதி முதலாளி இதைப் படிச்சார்னா அவருக்கும் ஒண்ணு சொல்லிக்கிறேன். உங்க மேல எங்களுக்குக் கோவம் இல்லைங்க, நீங்க வாங்கலைன்னா அந்த இடம் இந்நேரம் ப்ளாட்டா போயிருக்கும். ஈசிஆர் ரோட்டுக்கு மேற்கால தார் ரோட்டுக்கு அடியில ஒரு குழாய் மண்ணடைச்சுக் கிடக்கு, உங்க தாங்கலுக்கு மேட்டுத் தண்ணி வர்ற பெரிய வழியே அதுதான், அதை எடுத்துட்டீங்கன்னா ஐப்பசி மழையிலயே தானா ரொம்பும். ஆவணி கடைசிக்குள்ள அந்த வேலையை முடிக்கணும், புரட்டாசியில மழை பிடிச்சுக்கிட்டா மண்ணு வெட்ட முடியாது. ஊராட்சியில எழுதிக்கொடுக்க நாங்க கையெழுத்து போடுறோம், மம்பட்டியோட ஆள் கூட்டிட்டு நானே வர்றேன். மூட்டையை எடுத்துடுங்க, மோட்டாரை நிறுத்திடுங்க.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
மரக்காணம் வட்டம், விழுப்புரம் மாவட்டம்